கார்ப்பரேட்டரில் வைத்த மஞ்சள் குறி

என் மனைவியின் தம்பி தன் அலுவலக மேசையில் ஓட்டை விழுந்த பிஸ்டன் ஒன்றை வைத்திருக்கிறான். உச்சியில் உருகிய ஓட்டையில் ஒரு பேனா செருகியிருக்கும். அது என்னவென்று கேட்பவர்களிடம், “எங்க மாமா செட் பண்ண இன்ஜின்ல வந்தது” என்று சொல்வான். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டான். சொன்னவரை அது உண்மை. அதனால் நானும் மறுக்க முடியாமல் இருக்கிறேன்.

அந்த எண்ணூறு சிசி கார் பர்கூரில் இருக்கும் என் மாமனாருடையது. அவர் ஓட்டுவதை நிறுத்திய பிறகு வாசலில் கிரானைட் தூசி படிந்து கிடந்தது. சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்க்கலாம், பந்தயம் கிடையாது, கட்டணம் கட்டினால் யாரும் வரலாம் என்று மச்சினன் எங்கோ கேள்விப்பட்டு வந்து சொன்னான். கார் அவனுடைய அப்பாவுடையது. இன்ஜின் வேலை என்னுடையது. தடத்தில் காலையில் அவன் ஓட்டுவது, மதியத்துக்கு மேல் நான் ஓட்டுவது. இதுதான் ஒப்பந்தம். என் வயதில் இப்படியொரு ஆசை சிரிப்புக்கு இடம் கொடுக்கும் என்று தெரிந்ததால் மதியப் பங்கைப் பற்றி வீட்டில்கூட நான் வாயைத் திறக்கவில்லை.

நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் குவாலிட்டிப் பிரிவில் இருக்கிறேன். மற்றவர்கள் செய்வதை அளந்து, சரி அல்லது தவறு என்று சொல்வது என் வேலை. மத்திகிரியில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டின் பின்புறம், ஞாயிற்றுக்கிழமைகளில், வாழ்க்கையில் முதல்முறையாக நானே ஒன்றைச் செய்தேன். சிலிண்டர் ஹெட்டைச் சீவக் கொடுத்து வாங்கினேன். வால்வுகளை நானே கையால் தேய்த்து உட்கார வைத்தேன். காற்று தடையில்லாமல் உள்ளே போக வழி செய்தேன். வேலை முடிந்த ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்தேன். எங்கள் தொழிற்சாலை வழக்கம் அது. குறி வைத்துவிட்டால் அது பாஸான பொருள், பிறகு யாரும் ஸ்பானர் வைக்கக் கூடாது. மச்சினனுக்குக் கை சும்மா இருக்காது. அதனால் அவனிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்தேன்: “மாப்ள, மார்க் இருக்கற எடத்துல கை வெக்காத.”

கார்ப்பரேட்டரில்தான் அதிக நாள் போனது. அதற்குள் ஜெட் என்று ஒரு சின்னப் பித்தளைத் திருகு உண்டு. அதன் துளை எவ்வளவோ அவ்வளவுதான் பெட்ரோல் உள்ளே போகும். ஓசூர் மேட்டு ஊர், காற்று லேசானது. அதற்கு ஏற்றபடி பெட்ரோலைக் குறைத்தால்தான் இன்ஜின் சுத்தமாக இழுக்கும். சிப்காட்டில் ஆளில்லாத காலை நேரத்தில் ஓட்டுவேன், நிறுத்துவேன், பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பேன், ஜெட்டை மாற்றுவேன். கடைசியில் பிளக் முனை காபிப்பொடி நிறத்துக்கு வந்தது. அந்த ஜெட்டோடு கார்ப்பரேட்டரை மூடி மஞ்சள் கோடு இழுத்தேன்.

ஆனால் பந்தயத் தடம் சென்னைக்குப் பக்கத்தில், சமவெளியில் இருக்கிறது. அங்கே காற்று கனம். அதே ஜெட்டோடு முழு வேகத்தில் போனால் பெட்ரோல் போதாமல் உள்ளே சூடு ஏறி பிஸ்டன் உருகிவிடும். அதற்காகத் துளை பெரிய இன்னொரு ஜெட்டை வாங்கி, ஹோமியோபதி மாத்திரை டப்பியில் போட்டு வைத்திருந்தேன். தடத்துக்குப் போனதும் மாற்ற வேண்டும் என்று அவனிடம் முன்பே சொல்லியிருந்தேன். அவனும் சரி என்றிருந்தான்.

முந்தின நாளே அவன் நண்பர்களோடு காரை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். நான் ஷிஃப்ட் முடிந்து பஸ் பிடித்துக் காலையில் போய்ச் சேர்ந்தேன். வெயில் அப்போதே முதுகில் ஏறிவிட்டது. ஹெல்மெட் போட்டு அவன் சீட்டில் உட்கார்ந்திருந்தான். முன்னால் சில கார்கள் வரிசையில் நின்றன. டப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, பானட்டைத் திறக்கச் சொன்னேன்.

“வர்ற வழியெல்லாம் பறந்துச்சு மாமா. இப்ப எதுக்குப் பிரிக்கணும்?”

வழியில் வந்தது வேறு, இங்கே கடைசி வரை மிதிக்கப் போவது வேறு என்றேன். பத்து நிமிஷ வேலை என்றேன். அவன் இறங்கிவந்து பானட்டைத் திறந்தான். சுற்றி நின்ற நண்பர்களுக்குத் தெரியும்படி கார்ப்பரேட்டரின் மேல் விரலை வைத்தான்.

“இது யாரு வெச்ச மார்க்கு?”

நான் டப்பியைத் திறந்து பெரிய ஜெட்டை எடுத்தேன்.

“நீங்கதான மாமா வெச்சீங்க? மார்க் இருக்கற எடத்துல கை வெக்காதன்னு சொன்னதும் நீங்கதான். நீங்களே பாஸ் பண்ணிட்டு நீங்களே ரிஜெக்ட் பண்ணா எப்டி?”

சிரித்தார்கள். கர்நாடக எல்லைக்குள் இருக்கும் அத்திப்பள்ளியிலிருந்து வந்திருந்த ஒருவன், மதியம் தானும் ஓட்ட வேண்டுமே என்று இந்த ஆளுக்கு இப்போதே நடுக்கம் வந்துவிட்டது என்று கன்னடத்தில் சொன்னான். ஓசூரில் இத்தனை வருஷம் இருக்கிறவனுக்குக் கன்னடம் புரியாது என்று நினைத்தானோ, புரியட்டும் என்றுதான் சொன்னானோ. என் மதியப் பங்கு அவன் வரைக்கும் போயிருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. கொடிக்காரர் கை காட்டினார். மச்சினன் பானட்டை அடித்து மூடிவிட்டு ஏறிக்கொண்டான்.

முதல் சுற்றில் சத்தம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு நீண்ட நேர்ப்பாதையில் வரும்போது தகர டப்பாவில் கல்லைப் போட்டு ஆட்டுவது போன்ற சத்தம் கேட்டது. மிதியைவிட்டுக் காலை எடு, எடு என்று வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் எடுக்கவில்லை. நீலப் புகை விட்டபடி கார் புல்லில் இறங்கி நின்றது. கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். மதியம் நான் ஒரு தகரக் கொட்டகையில் உட்கார்ந்து மற்றவர்களின் கார்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் விஷயம் எனக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. மாமா கட்டிய இன்ஜின் முதல் சுற்றுகளுக்கே தாங்கவில்லையாம். நான் ஜெட்டைப் பற்றி, மேட்டைப் பற்றி, காற்றின் கனத்தைப் பற்றி மனைவியிடம் விளக்கினேன். அவள் முழுக்கக் கேட்டாள்.

“சரிங்க, உங்களுக்குத்தான் தெரியுமே. அப்ப அவன ஏன் போக விட்டீங்க?”

அதன் பிறகு யாரிடமும் விளக்கவில்லை.

அவன் பெங்களூரில் ஆள் பிடித்து வேறு இன்ஜின் போட்டான். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தடத்து வீடியோக்கள் வரும். என் மாமனார் கைகூப்பும் படம் போடுவார். நான் ஒன்றும் போடுவதில்லை.

சென்ற மாதம் அவன் மகளுக்குப் பர்கூரில் காது குத்தினார்கள். வந்த கூட்டத்துக்குப் பால் போதவில்லை. பந்தலில் எல்லாரும் இருக்கும்போது அவன் என்னிடம் அதே எண்ணூறு சிசி காரின் சாவியை நீட்டினான்.

“மாமா, நம்ம வண்டிய எடுத்துட்டுப் போய் பால் வாங்கிட்டு வந்துருங்க. பின் சீட்ட எடுத்தாச்சு, கேன் வெக்கத் தோதா இருக்கும். உங்களுக்கும் ரொம்ப நாள் ஆசைதான?”

வாங்கிக்கொண்டேன். மறுத்திருந்தால் அதற்கும் ஒரு பேச்சு வந்திருக்கும். ஸ்டார்ட் செய்தபோது, மிதியைத் தொடாமலே இன்ஜின் ஓடும் ஐடிலிங் வேகம் கொஞ்சம் அதிகமாக இருந்தது. பானட்டைத் திறந்து பார்க்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துப் பால் கடையில் இரண்டு கேன்களை ஏற்றினேன். அவற்றின் மூடி சரியாகப் பொருந்தவில்லை. பால் தளும்பாமல் இருக்க, வீடு வரும்வரை இரண்டாவது கியரிலேயே வந்தேன்.