ஏழாம் ரூம் காலியாம்

இன்று காலை சிவகாசியில் ஒரு பட்டாசு கம்பெனியின் ஆபீஸில் இருந்தேன். அவர்கள் சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

அவர்களின் நாரணாபுரம் ஆலையில் எந்த ரூமில் யார் இருக்கிறார்கள் என்று அங்குள்ள சர்வரில் பதிவாகும். ஆபீஸ் சர்வர் அதை உடனுக்குடன் நகலெடுக்க வேண்டும்.

ஆலையிலிருந்து போர்மேன் காளியம்மாள் அக்கா போன் செய்தார். "ஏழாம் ரூம் பக்கம் புகை வருது சார்."

மேனேஜர் திரையைப் பார்த்தார். "அந்த ரூம் காலி. யாரும் கிட்டப் போகாதீக."

"காலியா? நாலு பேரு உள்ள இருக்காக. காலைல நாந்தான் அனுப்புனேன்."

போனைக் கீழே போட்டுவிட்டு ஓடிய அக்கா, நாலு பேரையும் வெளியே இழுத்து வந்துவிட்டார்.

நகலெடுப்பது சனிக்கிழமையே நின்றிருக்கிறது. சனிக்கிழமை ஏழாம் ரூமில் வேலை இல்லை. திரை இன்னும் அந்தச் சனிக்கிழமையையே காட்டிக்கொண்டிருந்தது, பக்கத்தில் பச்சை விளக்கோடு. இரண்டு சர்வருக்கும் தொடர்பு இருந்தாலே பச்சை எரியும். கடைசிப் பதிவு எப்போது வந்தது என்பதையும் பார்த்து விளக்கு எரியும்படி செய்வோமா என்று தீபாவளி சீசனுக்கு முன்பே கேட்டேன். "பச்சை எரியுதுல்ல தம்பி, அது போதும்" என்றவர் இதே மேனேஜர்.

அக்கா திரும்பக் கூப்பிட்டார். "இங்க பச்சை வெளக்குதான எரியுது" என்றார் மேனேஜர். "அந்த வெளக்க ஏழாம் ரூமுக்குள்ள வைங்க சார். பக்கத்துல நீங்களும் உக்காருங்க."

மேனேஜர் யோசித்து ஒரு முடிவெடுத்தார். ஆபீஸுக்குப் பெரிய டிவி வாங்கப் போகிறாராம், பச்சை தெளிவாகத் தெரிய.

உங்க ஆபீஸ் டிவி எத்தனை இஞ்ச்?