ஃபேன் ஓடவில்லை என்று எழுதியது யார்?

எங்கள் கட்டடத்தில் ஐந்து குடித்தனம், ஒரே வைஃபை. நீலசந்திரா மாதிரி நெருக்கடியான பேட்டையில் இது அதிசயமில்லை. இணைப்பு மட்டும் பக்கத்து வீட்டு அக்காவின் பெயரில் இருந்தது. எங்களில் அவர் ஒருவருடைய ஆதாரில்தான் இந்த வீட்டு முகவரி. மற்றவர்களின் ஆதாரெல்லாம் இன்னும் சொந்த ஊரிலேயே குடியிருந்தன, என்னுடையது ஆற்காட்டில். அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்க்கிறவர். அவருக்கும் எனக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்.

நான் அப்போது பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் இருந்தேன். முலாம் பூசி வரும் சாமான்களைச் சரிபார்க்கிற வேலை. முலாம் பூசும் அறையை ஒட்டித்தான் என் மேசை. அந்த அறையின் புகையை வெளியே தள்ளும் ஃபேன் பல மாதங்களாக ஓடவில்லை. எந்நேரமும் தொண்டை அரிக்கும். புகார்ப் பெட்டி ஒன்று உண்டு, அதன் சாவி மேனேஜரிடம். புகாரே அவர்மீதுதான். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வேலை பார்க்கிறவர்கள் பெயர் போடாமல் தங்கள் கம்பெனியைப் பற்றி எழுதும் ஒரு தளத்தில் நாலு வரி எழுதினேன். ஃபேன் ஓடவில்லை, எல்லோரும் இருமிக்கொண்டே வேலை செய்கிறோம், கேட்டால் ‘சொல்ப அட்ஜஸ்ட் மாடி’, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கன்னடத்தில் சொல்கிறார்கள். அவ்வளவுதான். அதில் ஒரு சொல் பொய்யில்லை.

ஃபேனுக்கு ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடத் துப்பில்லாத கம்பெனி, எனக்காக ஒரு வக்கீலை வைத்தது. எழுதிய ஆள் யாரென்று சொல்லும்படி கோர்ட்டில் உத்தரவு வாங்கியது. எந்த இணைப்பிலிருந்து எழுதினார்கள் என்று அந்தத் தளம் சொன்னது. அந்த இணைப்பு யாருடையது என்று இன்டர்நெட் கம்பெனி சொன்னது. இந்தச் சுறுசுறுப்பில் கால்வாசி அந்த ஃபேன்மேல் காட்டியிருக்கலாம்.

வக்கீல் நோட்டீஸ் அக்கா பெயருக்கு வந்தது. அவர் அதைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

“இன்னாம்மா இது, பூரா இங்கிலீஷ்ல இருக்குது? படிச்சு சொல்லு.”

கம்பெனி பெயரைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. எல்லாவற்றையும் தமிழில் விளக்கினேன், எழுதியது நான்தான் என்பதைத் தவிர. வேலை போய்விடுமே என்று பயந்துவிட்டேன்.

“எனக்கு ஃபோன்ல பாட்டு கேக்கத்தானே தெரியும்! கோர்ட்டு கேஸுன்னு ஸ்கூல்ல தெரிஞ்சா என் வேலைக்கு வேட்டு வெச்சிருவாங்கம்மா” என்றார் அக்கா.

மறுநாள் சிவாஜிநகரில் துணிக்கடை மாடியில் இருக்கும் ஒரு வக்கீலிடம் அவரைக் கூட்டிப்போனது யார் தெரியுமா? நானேதான். வெட்கங்கெட்டவள்.

அந்த வக்கீல், அக்கா கொடுத்த நோட்டீஸைப் புரட்டினார். “உங்க வைஃபையை யார் யார் யூஸ் பண்றாங்களோ, அத்தனை பேரையும் எழுதிக் கொடுங்க. இல்லேன்னா கேஸ் உங்க தலையிலதான் விடியும்.”

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. “சார், எழுதினது நெஜமா இல்லையான்னு யாருமே போய்ப் பாக்கலையா?”

“அதெல்லாம் அப்புறம்மா. மொதல்ல யாருன்னு தெரியணும்.”

அக்கா யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு எழுந்தார். படியிறங்கும்போது எனக்கு இருமல் வந்துவிட்டது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இருமி முடித்ததும், “அக்கா, எழுதினது நான்தான்” என்றேன்.

“தெரியும்.”

“எப்படி?”

“ஃபேன் ஓடல, எல்லாரும் இருமுறாங்கன்னு நீ படிச்சப்பவே தெரியும். தெனம் காலையில நீ இருமுறதக் கேட்டுத்தானே நான் எந்திரிக்கிறேன்?”

“அப்புறம் ஏங்க்கா வக்கீல்கிட்ட சொல்லல?”

“நீயே சொல்லுவேன்னு பாத்தேன்.”

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னார். திரும்பி மேலே ஏறினேன். அக்கா பின்னாலேயே வந்தார்.

எழுதியது நான்தான், அக்காவுக்கு இதில் சம்பந்தமில்லை, என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள் என்று வக்கீலிடம் சொன்னேன். அவர் என் ஆதாரைக் கேட்டார். வாங்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“இதுல ஆற்காடுன்னுல்ல இருக்குது? நீங்க அந்த வீட்ல இருக்கீங்க, கம்பெனியில என்ன நடக்குதுன்னு தெரிஞ்சு நீங்கதான் எழுதினீங்கன்னு இன்னாம்மா ப்ரூஃப்?”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது.