சுபத்திரா அக்காவும் அந்த வெள்ளைப் பலகைப் படமும்

செய்தி வந்தபோது நான் வெரிபீ செல்லும் புறநகர் ரயிலில் நின்றுகொண்டிருந்தேன். காலை நெரிசலில் தொலைபேசியைக் காதுக்குக் கொண்டுபோகவே இடமில்லை. சுபத்திரா அக்காவின் மகள் ஆரணி என்னோடு ஆங்கிலத்தில்தான் பேசுவாள். அன்று தமிழில், "அங்கிள், அம்மா போயிட்டா" என்றாள். அடுத்த நிலையத்தில் இறங்கி நடைமேடை வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். புற்றுநோய் என்று தெரியும். நாள் நெருங்கிவிட்டது என்றும் தெரியும். தெரிந்திருந்தது எதற்கும் உதவவில்லை.

இதை வாசிக்கும் உங்களில் சிலர் மல்கிரேவ் பயிற்சி நிலையத்தில் அவருடைய மாலை வகுப்புகளில் இருந்தவர்கள். வேலை முடித்துக் களைத்து வருகிறவர்களுக்கு, ஒன்றைத் தொட்டால் வேறு எவையெல்லாம் அசையும் என்று முழு அமைப்பையும் வெள்ளைப் பலகையில் படமாக வரைந்து பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். மின்சாரத்தை மிச்சம் பிடிப்பது, குப்பையைக் குறைப்பது, கணினியிடம் வேலையை ஒப்படைப்பது என்று எந்த மாற்றத்தை எடுத்தாலும் அதன் மறுமுனையில் நிற்கும் ஆளைத் தேடுவது அவருடைய பாடம். நான் அவருடன் சேர்ந்து படிப்பித்தேன்.

இனிமையான ஆசிரியர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். ஒருமுறை மாநகரசபை அலுவலர் ஒருவர், முதியோருக்கான வீட்டு உதவியை இனிச் செயலி வழியாக மட்டுமே பதிவு செய்யும் திட்டத்தைப் பெருமையாக விளக்கினார். காகிதம் மிச்சம், வாகன ஓட்டம் மிச்சம். அக்கா அவரை இடைமறித்து, அவருடைய சொந்தத் தாயாரைத் தொலைபேசியில் அழைத்து அந்தச் செயலியில் ஒரு பதிவு செய்யச் சொல்லுமாறு கேட்டார். தாயார் முதலில் கண்ணாடியைத் தேடினார், பிறகு கடவுச்சொல்லைத் தேடினார், கடைசியில் மகனுக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பயந்தார். வகுப்பு சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. "உங்கடை படத்திலை அம்மா எங்கை?" என்று மட்டும் கேட்டார்.

அப்படிக் கேட்டவருக்குத்தான் அது நடந்தது.

மளிகைப் பொருட்களைக் கடைகளுக்கு அனுப்பும் ஒரு களஞ்சியசாலை தன் மேற்பார்வையாளர்களை எங்கள் வகுப்புக்கு அனுப்பியது. வீணாகும் உணவையும் மின்சாரத்தையும் குறைக்க வேண்டும் என்றார்கள். நல்ல நோக்கம் என்றுதான் நாங்களும் நம்பினோம். ஒன்றையும் மறைக்காமல் வரையச் சொன்னார் அக்கா. பொருள் எங்கே தேங்குகிறது, குளிரறைக் கதவு ஏன் திறந்து கிடக்கிறது, யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று எல்லாம் வெள்ளைப் பலகையில் ஏறியது. அவர்களில் சேவியர் என்ற மலேசியத் தமிழர் எல்லோரையும்விட உற்சாகமாக வரைந்தார். இத்தனை வருடத்தில் தன்னிடம் இதையெல்லாம் ஒருவரும் கேட்டதில்லை என்றார்.

அந்தப் படம் களஞ்சியசாலை நிர்வாகத்திடம் போனது. அடுத்த சில மாதங்களில் புதிய மென்பொருள் வந்தது. பிற்பகல் வேலைநேரம் முழுவதுமே நிறுத்தப்பட்டது. படம் வரைந்தவர்களில் பெரும்பாலானோர் அதில்தான் வேலை செய்தார்கள்.

அக்கா நிர்வாகியைப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் என்னிடம் சொன்னார்: "முடிவு முன்னமே எடுத்ததாம். எங்கடை படம் தங்கடை வேலையை லேசாக்கினதாம். அதை எனக்கு ஆறுதலா இருக்குமெண்டு நினைச்சுச் சொன்னவர்."

பிறகு வேலையிழந்தவர்களை அதே வகுப்பறைக்கு அழைத்தார். வேண்டாம் என்று நான் தடுத்தேன், கேட்கவில்லை. வந்தவர்கள் முன்னால் நின்று, இந்தப் படம் யாருடைய மேசைக்குப் போகும் என்று தான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை, அது தன் பிழை என்றார். சேவியர் எழுந்தார். அவர் குரல் உயரவே இல்லை.

"டீச்சர், உங்க மேல கோபம் இல்ல. ஆனா என் கையாலயே என் வேலைய அழிச்சுக்கிட்டேன். அத நீங்கதான் செய்ய வச்சீங்க."

"ஓம், நான்தான்" என்றார் அக்கா.

வேறு ஏதாவது சொல்லிச் சமாளிப்பார் என்று காத்திருந்தேன். எல்லோரும் போகும்வரை அங்கேயே நின்றார். சேவியருக்கு வேறு வேலை தேட முயன்றார், பலமுறை அழைத்தார். அவர் எடுக்கவே இல்லை.

அதன்பின், ஆட்களை நீக்க அந்தப் படங்களைப் பயன்படுத்துவதில்லை என்று எழுதித் தராத எந்த நிறுவனத்துக்கும் அவர் வகுப்பெடுக்கவில்லை. பெரும்பாலான நிறுவனங்கள் எழுதித் தரவில்லை. வகுப்புகள் குறைந்தன, பயிற்சி நிலையத்தில் முகங்கள் கடுத்தன. நோயும் அந்த நாட்களில்தான் வந்தது.

கடைசியாக ரோவில் பகுதியிலுள்ள அவருடைய வீட்டில் அவரைப் பார்த்தேன். கதிரையைக் கட்டிலருகே இழுத்துப் போடச் சொன்னார். நான் அவரைத் தேற்ற நினைத்து, எப்படியும் அந்த வேலைகள் போயிருக்கும்தானே என்றேன்.

"அதை அந்த மனேச்சர் சொல்லலாம். நீர் சொல்லாதையும்" என்றார். பிறகு கேட்டார்: "புது வகுப்பை ஆர் எடுக்கினம்?"

நான்தான் என்றேன்.

"பயந்துகொண்டு படிப்பியும்."

மரணச் சடங்கில் பேசியவர்கள் அவருடைய துணிவைப் புகழ்ந்தார்கள், அறிவைப் புகழ்ந்தார்கள். அவை அவரோடு போய்விட்டன. என்னிடம் அவை இல்லை. எனக்கு அவர் விட்டுப்போனது அந்தப் பயம் ஒன்றுதான். இப்போது ஒருவர் பலகைக்கு முன் வந்து பேனாவைத் திறக்கும்போதெல்லாம், இந்தப் படம் யாருடைய மேசைக்குப் போகும் என்று அது என்னைக் கேட்க வைக்கிறது. அது ஓய்ந்துவிடும் நாளில் நான் படிப்பிப்பதை நிறுத்திவிட வேண்டும்.