பினிஷ் என்று எழுதினேன்

கொழும்புக்கு வந்த புதிதில் நான் முதலில் பழகிய ஆங்கிலச் சொல் 'பினிஷ்'. வெள்ளவத்தைக் கடையில் பாண் தீர்ந்துபோனால் பினிஷ். கடைசித் தரிப்பில் பஸ் நடத்துநர் எங்களை இறக்கிவிடுவதும் பினிஷ். தச்சர் அலுமாரிக்கு வார்னிஷ் பூசிவிட்டு, நல்ல பினிஷ் என்பார். கொட்டாஞ்சேனையில் நான் படித்த ஆங்கில வகுப்பின் ஆசிரியையோ, தொடங்கியதைக் குறையில்லாமல் செய்து முடிப்பதுதான் அந்தச் சொல்லின் சிறந்த பொருள் என்றார். அதையே எனக்கென்று எடுத்துக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன் எவரும் எதையும் படித்து முடித்ததில்லை.

அது போர்க்காலம். நான் இருந்த மாடிவீட்டின் வாடகை அறைகளில் எல்லோரும் வடக்கிலிருந்து வந்தவர்கள். கொழும்பில் ஏன் இருக்கிறோம், எப்போது திரும்புவோம் என்று படிவம் நிரப்பிப் பொலிஸில் பதிய வேண்டும். பதிவுத் துண்டு கையில் இல்லாவிட்டால் வீதிச் சோதனையில் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆங்கிலம் தெரிந்தவள் என்பதால் எல்லோருடைய படிவத்தையும் நானே நிரப்பினேன். அடுத்த அறை ஐயாவின் கண் சிகிச்சை நான்கு வருடமாக நடந்துகொண்டிருந்தது. அவர் கண்ணாடி இல்லாமலே பத்திரிகை வாசிப்பார். நான் வந்த பிறகு ஒவ்வொரு முறையும், 'சிகிச்சை இன்னும் முடியவில்லை' என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன், மனத்துக்குள் அவரைக் கொஞ்சம் இகழ்ந்துகொண்டே.

ஆங்கிலப் பரீட்சையில் திறமைச் சித்தியோடு தேறிய வாரத்தில் என் பதிவைப் புதுப்பிக்கும் நாள் வந்தது. காரணம் கேட்ட இடத்தில், 'ஆங்கிலப் படிப்பு, பினிஷ்' என்று எழுதினேன். அது போதாதென்று சான்றிதழின் பிரதியையும் இணைத்தேன்.

பொலிஸ் அலுவலர் அதை அக்கறையாக வாசித்தார். பாராட்டப் போகிறார் என்றே நினைத்தேன்.

"இவரத, நங்கி? எஹெனங் கெதர யன்ன."

முடிந்துவிட்டதென்றால் வீட்டுக்குப் போ என்று சிங்களத்தில் சொன்னார். கொழும்பை விட்டு ஊருக்குப் போக ஒரு வாரம் தந்தார். நுகேகொடையில் எனக்கு வேலைக்கான நேர்முகம் இரண்டு வாரத்தில் இருந்தது.

வீட்டுக்கார அன்ரி தலையில் கைவைத்தார். "உனக்கென்ன விசரே பிள்ளை? முடிஞ்சுதெண்டு ஆரும் எழுதிக் குடுப்பினமே?"

"உண்மையைத்தானே எழுதினனான்."

ஐயா பத்திரிகையைத் தாழ்த்தினார். "என்ர கண் முடியேல்லையெண்டு எத்தினை தரம் எழுதித் தந்தனீர்! உம்மட படிப்பெண்டவுடன மட்டும் உண்மை வந்திட்டுதோ?"

மறுநாள் கொட்டாஞ்சேனைக்கு ஓடினேன். ஆசிரியை முழுவதையும் கேட்டார்.

"படிக்கிறீர் எண்டு கடிதம் தரலாம். ஆனா பொய்க் கடிதம் தரமாட்டன். வகுப்பில வந்து இரும்."

நான் முடித்ததற்கு மேல் அங்கே வகுப்பு இல்லை. தொடக்க வகுப்பில்தான் இடம் இருந்தது. என் சான்றிதழில் கையெழுத்திட்ட அதே பேனாவால் ஆசிரியை, நான் ஆங்கிலம் கற்கத் தொடங்கியிருப்பதாக எழுதித் தந்தார்.

அந்தக் கடிதத்துக்கு ஆறு மாதப் பதிவு கிடைத்தது. நேர்முகத்துக்குச் சான்றிதழ், சோதனைச் சாவடிக்குக் கடிதம். கைப்பையில் இரண்டும் ஒன்றையொன்று பார்க்காதபடி வைத்துக்கொண்டேன்.

முதல் நாள் பின்வரிசை வாங்கில் உட்கார்ந்தேன். ஆசிரியை கரும்பலகையில் 'பினிஷ்' என்று ஆங்கிலத்தில் எழுதி, "அர்த்தம் ஆருக்குத் தெரியும்?" என்று கேட்டார். எனக்குக் கை தானாக எழும்பியது. பக்கத்திலிருந்த அக்கா அதைப் பிடித்து இறக்கினார்.

"பேசாம இரும். இஞ்ச ஒருத்தருக்கும் தெரியாது."

அவருடைய கொப்பியைப் பார்த்தேன். பிழையில்லாத ஆங்கிலத்தில் யாருக்கோ நீண்ட கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

"நீங்கள் எப்ப பாஸ் பண்ணினது?" என்று மெல்லக் கேட்டேன்.

"போன வருசம். முன்வாங்கில இருக்கிற ரெண்டு பேரும் எனக்கு முதலே."

ஆசிரியை குனிந்திருந்த எங்கள் தலைகளை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"சரி, பாடம் கஷ்டம்தான். நாளைக்கும் இதையே பாப்பம்" என்று சொல்லி, பலகையை அழிக்காமல் போனார்.