பரிசு என்று எழுதாத இசைத்தட்டு

அந்த இசைத்தட்டு ஆக்லாந்துக்கு வந்து சேர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. விருந்து சனிக்கிழமை. நடுவில் கிடந்த மூன்று நாட்களையும் நான்தான் பாழாக்கினேன் என்று என் மனைவியின் தம்பி இன்றும் சொல்கிறான். விதிப்படி நடந்தேன் என்று நானும் இன்றும் சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. மச்சானுக்கு ஆக்லாந்தின் ஒடாஹுஹு பகுதியில் தொழிற்சாலை வேலை; ஆசையோ டிஜே ஆவதில். கூட வேலை செய்த ட்ரினிடாட்காரர் தன் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு மண்டபம் எடுத்து, பாட்டுப் போடும் பொறுப்பை அவனிடம் கொடுத்தார். ஒரே நிபந்தனை, அவர் ஊர் ஆட்ட இசையான சோக்காவில், லண்டனில் புதிதாக வந்திருந்த தட்டு ஒன்று வேண்டும். ஒரே தாளத்தின் மேல் நான்கு பாடகர்கள் ஆளுக்கொரு பாட்டுப் பாடியிருப்பார்களாம். ஆடுகிறவர்களின் கால் நிற்காமல் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவலாமாம். அன்று நன்றாக அமைந்தால் அவர்களுடைய அடுத்த விருந்துகளும் மச்சானுக்கே.

லண்டனில் இருந்த என் வகுப்புத் தோழனுக்குக் கடிதம் எழுதியவன் நான். சுங்கப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்பதையும் வரிசையாகச் சொல்லியிருந்தேன். 'நோக்கம்' என்ற கட்டத்துக்கு, 'பொது விருந்துகளில் இசைப்பதற்கு.' உண்மை அதுதானே?

வீட்டுக்குத் தட்டு வரவில்லை. சுங்க அலுவலகத்தின் அட்டை வந்தது. புதன்கிழமை லீவு போட்டுவிட்டுப் போனேன். கவுன்டரில் இருந்த வெள்ளைக்காரப் பெண் படிவத்தைப் படித்தாள்.

“இது வியாபாரத்துக்கு வந்த பொருள். இறக்குமதி லைசென்ஸ் வேண்டும்.”

“ஒரே ஒரு தட்டு.”

“பரிசு என்று எழுதியிருந்தால் நேற்றே உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும்.”

“பரிசு இல்லையே.”

“அப்படியானால் லைசென்ஸ்.”

லைசென்ஸிலிருந்து விலக்குக் கேட்டு மூன்று பிரதிகளில் விண்ணப்பித்தேன். இவ்வளவு ஒழுங்கான விண்ணப்பத்தைத் தான் கண்டதில்லை என்றாள். பதில் வரப் பத்து வேலை நாட்கள் ஆகும் என்றும் சொன்னாள்.

அன்று மாலை மச்சான் வந்தான்.

“அத்தான், ஒரு சின்னப் பொய் எழுதச் சொல்லியிருக்கலாம்தானே?”

“கையெழுத்து வைக்கிற படிவத்திலை பொய் எழுதேலாது, மச்சான்.”

“ஓம், ஓம். படிவத்துக்கு நல்ல சந்தோசம். சனிக்கிழமை நான் என்னத்தைப் போடுறது? உங்கட விண்ணப்பத்தை வாசிக்கவோ?”

சனிக்கிழமை பழைய டிஸ்கோவும் இலங்கைப் பைலாப் பாட்டுகளும் போட்டான். பிறந்தநாள்காரர் இரண்டு முறை வந்து புதுத் தட்டைக் கேட்டார். இரண்டு முறையும் மச்சான் என் பக்கம் கைகாட்டினான். சுங்க நடைமுறையை அவருக்கு விளக்கினேன். பாதியிலேயே போய்விட்டார். அடுத்த விருந்துக்குப் பாட்டுப் போட ஒரு சமோவாக்காரரைப் பிடித்தார்கள்.

பதினோராவது வேலை நாளில் விலக்கு கிடைத்தது. பார்சலை எடுத்துக்கொண்டு நேரே மச்சானிடம் போனேன். தட்டை வெளியே எடுத்தான், இரண்டு பக்கமும் பார்த்தான், உறைக்குள் போட்டு என்னிடமே நீட்டினான்.

“இந்தாங்கோ அத்தான். பரிசு.”

எங்கள் வீட்டில் ரெக்கார்ட் பிளேயர் கிடையாது. அது அவனுக்கும் தெரியும்.