என் மகளுக்குள் ஒரு குதிரை

முதலில் இனியா, கால் எரிகிறது என்றுதான் சொன்னாள். பள்ளிக்குக் கிளம்பி வாசலில் நின்றிருந்தாள். ஏழு வயது. எறும்பாக இருக்கும் என்று அவளுடைய வெள்ளைக் காலணியைக் கழற்றி உதறினேன். பென்சில் பருமனில் கறுப்பாக ஒன்று தரையில் விழுந்தது. தலையைத் தூக்கிப் படம் விரித்தது. என் கட்டைவிரல் அகலம்கூட இல்லாத படம்.

நாங்கள் இருப்பது மாசாய் என்ற ஊரில், செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் எழுந்த ஒரு வரிசை வீட்டில். பாம்பு வரும் என்று தெரியும். காலணிக்குள் வரும் என்று நினைத்ததில்லை.

என் கணவர் கதிர் துடைப்பக்கட்டையால் அதை அடித்துக் கொன்றார். நான் துப்பட்டாவை உருவி இனியாவின் முழங்காலுக்குக் கீழே இறுகக் கட்டினேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு இப்படி ஒரு காலை வந்தால், நான் செய்ததைச் செய்யாதீர்கள். கட்டக் கூடாது. கீறக் கூடாது. வாயால் உறிஞ்சக் கூடாது. காலை அசைக்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். பாம்பை அடிக்கவும் வேண்டாம். எட்ட நின்று ஒரு படம் எடுக்க முடிந்தால் போதும். இதையெல்லாம் பிறகுதான் எனக்குச் சொன்னார்கள்.

அவசரப் பிரிவில், வீக்கம் எங்கே முடிகிறதோ அங்கே இனியாவின் காலில் பேனாவால் ஒரு கோடு போட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் வீக்கம் கோட்டைத் தாண்டியிருந்தது. அதற்கு மேலே இன்னொரு கோடு. பிறகு இன்னொன்று. நான் தெப்ராவில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கோடுகளும் எண்களும் என் பிழைப்பு. ஒரு கோட்டை அப்படிப் பயந்து பார்த்தது அன்றுதான்.

ஆன்டிவெனம் (பாம்பின் நஞ்சை முறிக்கும் மருந்து) ஏற்ற வேண்டும் என்றார் குழந்தைகள் பிரிவின் மருத்துவர். இளம் தமிழ்ப் பெண். நிறைய விளக்கினார். தலையாட்டினேன். கையெழுத்துப் போட்டேன். எதுவும் மனத்தில் ஏறவில்லை.

வெளியே நடைவழியில் சுவரைப் பார்த்து நின்று வேண்டிக்கொண்டேன். "முனியாண்டி, எம்பிள்ளைய எனக்குக் குடுத்துரு. உனக்குச் சேவல் வெட்டுறேன்." எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பின்னால், தோட்டக் காலத்திலிருந்தே முனியாண்டி கோயில் ஒன்று இருக்கிறது. நான் அங்கே கும்பிட்டுப் பழகியவள். ஆனால் உயிர்ப்பலி வேண்டிக்கொண்டது அதுவே முதல் தடவை. சொன்ன பிறகு மனம் லேசானது. உயிருக்கு உயிர். கணக்குச் சரியாக வந்தது.

மருந்து ஏறியபின் வீக்கம் கடைசிக் கோட்டில் நின்றது. நஞ்சு தின்ற சுண்டுவிரலில் கொஞ்சம் தோல் கறுத்து உரிந்தது. விரல் தப்பியது. கட்டுப் போட்ட காலோடு இனியா வீட்டுக்கு வந்தாள்.

வேண்டுதல் தள்ளிப் போனது. கதிருக்கு மாறி மாறி ஷிப்ட். எனக்குச் சமையல், கட்டு மாற்றுவது, அலுவலக வேலை. ஒருவழியாக ஒரு ஞாயிறு குறித்தோம். கதிர் சந்தையிலிருந்து சிவப்பும் கறுப்புமாய் ஒரு கம்பத்து நாட்டுச் சேவல் வாங்கி வந்து, வீட்டின் பின்பக்கம் கட்டிப்போட்டார்.

அந்த ஞாயிறு காலை இனியா எழுந்திருக்கவில்லை. உடம்பு கொதித்தது. வயிற்றிலும் தொடையிலும் சிவந்த தடிப்புகள். முழங்காலைத் தொட்டால் அழுதாள்.

எனக்கு ஒன்றுதான் தோன்றியது. நாங்கள் நாளைக் கடத்திவிட்டோம். முனியாண்டி தன் சேவலைக் கேட்கிறார்.

"முதல்ல கோயிலுக்குக் கார விடுங்க," என்றேன்.

"பிள்ள இப்படிக் கொதிக்குது. கோயிலா?" என்றார் கதிர்.

"நாமதான் இழுத்தடிச்சோம். சாமிக்குக் கோபம் வராதா?"

"சாமிக்கு நம்ம ஷிப்ட் தெரியும் லா," என்றார். "பேசாம ஏறு."

பின் இருக்கையில் இனியாவை மடியில் போட்டுக்கொண்டேன். என் காலடியில், நான் விடாமல் எடுத்து வந்த அட்டைப்பெட்டிக்குள் சேவல். சாலைச் சந்திப்பில் இடது பக்கம் கோயில், வலது பக்கம் மருத்துவமனை. "இடது, இடது" என்று நான் கத்தினேன். கதிர் வலது பக்கம் திருப்பினார். என் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் அந்தத் திருப்பம்தான் காரணம் என்று அவரிடம் சொன்னேன். அவர் வேகத்தைக் கூட்டினார்.

அதே மருத்துவர்தான் இருந்தார். இனியாவின் தடிப்புகளைப் பார்த்தார். முழங்காலை மெல்ல மடக்கிப் பார்த்தார்.

"பயப்படாதீங்கம்மா. இது சீரம் நோய். விலங்கோட ரத்தத்துலேர்ந்து எடுத்த மருந்த உடம்பு கொஞ்ச நாள் கழிச்சு எதிர்க்கிறது. அன்னிக்கே சொன்னேனே, காய்ச்சல் வரும், மூட்டு வலிக்கும், வந்தா உடனே வாங்கன்னு?"

"வீட்டுக்குப் போலாம்னு நீங்க சொன்னது மட்டும்தான் டாக்டர் கேட்டுச்சு."

அவர் சிரித்தார். "எல்லா அம்மாவுக்கும் அது மட்டும்தான் கேக்கும்."

"விலங்குன்னா?"

"குதிரை. அந்த மருந்து குதிரையோட ரத்தத்துலேர்ந்து வருதும்மா. பாம்பு விஷத்த எடுத்து, குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமா ஊசி போடுவாங்க. அது உடம்பு விஷத்தோட சண்ட போடக் கத்துக்கும். அப்புறம் அந்த ரத்தத்த எடுத்துச் சுத்தம் பண்ணுவாங்க. அதத்தான் இனியாவுக்கு ஏத்துனோம். இப்பத்தான் இவ உடம்பு அதக் கண்டுபிடிச்சிருக்கு. யாரு நீ, என் வீட்டுக்குள்ள என்ன பண்றன்னு கேக்குது. அவ்வளவுதான். மருந்து தர்றேன், அடங்கிரும்."

"குதிரை செத்துடுமா?"

"இல்ல. ரத்தம் எடுத்துட்டு ஓய்வு குடுப்பாங்க. மேயும், திரும்பத் தேறிக்கும்."

"அதுக்கு வலிக்குமா?"

மருத்துவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்தார். "ஊசி போட்ட எடம் வீங்கும்மா. வலிக்கத்தான் செய்யும்."

நான் இனியாவின் காலைப் பார்த்தேன். எங்கோ, நான் பார்த்தே இராத ஒரு வெளியில், ஒரு குதிரையின் தோளும் இப்படி வீங்கியிருக்கிறது. அதற்கு யாரும் கோடு போட்டிருக்கமாட்டார்கள். அதன் ரத்தம் என் மகளுக்குள் புகுந்து, நஞ்சைத் தேடிப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. அந்த நஞ்சைத் தந்ததும், எங்கள் வாசலில் செத்துக் கிடந்ததைப் போன்ற ஏதோ ஒரு பாம்பு. அதன் பல்லிலிருந்து வந்த நஞ்சு இல்லாமல் மருந்தும் இல்லை. பாம்பு, குதிரை, இனியா. எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எனக்கு உடல் சிலிர்த்தது. கோயில் கருவறையில் திரை விலகும்போது வருகிற சிலிர்ப்பு அது.

அப்போது கதிர் மருந்துக்கூடத்திலிருந்து வந்து, தன் தலையில் கை வைத்தார்.

"அலமாக், கோழி! கார்ல இருக்கு."

கண்ணாடிகளை ஏற்றி, வெட்டவெளியில் நிறுத்திய கார். இனியாவை அவரிடம் விட்டுவிட்டு, அவளுடைய தண்ணீர்ப் புட்டியோடு ஓடினேன். கதவைத் திறந்தபோது அனல் முகத்தில் அடித்தது. சேவல் பெட்டிக்குள் சாய்ந்து கிடந்தது. அலகு திறந்திருந்தது. உள்ளே நாக்கு துடித்தது.

அதைத் தூக்கி மரநிழலுக்குக் கொண்டு போனேன். கால் கட்டை அவிழ்த்தேன். புட்டி மூடியில் தண்ணீர் ஊற்றி அலகருகே வைத்தேன். முதலில் குடிக்கவில்லை. "குடி, குடிடா சாமி," என்று கெஞ்சினேன். காலையில் இனியாவிடம் இதே குரலில்தான் கெஞ்சினேன் என்று நினைவு வந்தது. என் உள்ளங்கைக்கு அடியில், இறகுகளுக்குக் கீழே அதன் நெஞ்சு தடதடவென்று அடித்தது. எத்தனை வேகம். இவ்வளவு சின்ன உடம்பு, வாழ்வதற்கு இவ்வளவு பாடுபடுகிறது. பிறகு அது குடித்தது. தலையை நிமிர்த்தி விழுங்கி, மறுபடி குனிந்து குடித்தது.

அடுத்த வாரம் தடிப்பும் காய்ச்சலும் அடங்கின. சேவல் இன்னும் வீட்டில் இருந்தது. நான் வாக்குத் தவறிப் பழகாதவள். சாமிக்குச் சொன்னதை மாற்றலாமா என்று நாள் முழுக்க யோசித்தேன். சேவல் பாவம் என்று நினைப்பதே எனக்கு நான் சொல்லிக்கொள்ளும் சாக்கா? நான் தப்பித்துக்கொள்ள, தண்டனை இனியாவுக்கு வந்தால்?

"நீதான் வேண்டுன. நீதான் முடிவு பண்ணணும்," என்றார் கதிர். "ஆனா அதுக்குப் பேரு வச்சிராத. அப்புறம் அதுக்கும் ஸ்கூல் பஸ் கேப்ப."

கோயிலுக்குப் போனோம். எங்கள் கோயிலில் சிலர் சேவலை வெட்டாமல் கோயிலுக்கே விட்டுவிடுவதும் உண்டு. பூசாரி எல்லாரிடமும் கேட்பதுபோல என்னிடமும் கேட்டார். "வெட்டவா, விடவாம்மா?"

சேவலை அவர் கையில் கொடுத்தேன். "விடுங்க," என்றேன். பிறகு சாமியைப் பார்த்து, "வெட்டுறேன்னுதான் சொன்னேன். என்னால முடியல. கோபம்னா என்கிட்ட காட்டு," என்றேன். தீச்சட்டியின் புகையில் முனியாண்டியின் முகம் எப்போதும்போலத்தான் இருந்தது. மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது.

சில வாரங்கள் கழித்து இனியாவுக்கு மறுபடி காய்ச்சல் வந்தது. பயந்தேன். பொய் சொல்லமாட்டேன், கோயில் பக்கம்தான் மனம் முதலில் ஓடியது. வெப்பமானியை வைத்தேன். மருத்துவரிடம் கூட்டிப் போனேன். வகுப்பில் பாதிப் பேருக்கு இருந்த அதே சளிக் காய்ச்சல். ஆனால் அவள் நெஞ்சில் கை வைத்துக் காத்திருந்தபோது, என் வேண்டுதல் பழையபடி வரவில்லை. "எம்பிள்ளைய மட்டும்" என்று தொடங்கினேன். அந்த "மட்டும்" நாக்கில் நிற்கவில்லை.

குதிரையின் பங்கு இப்போது அவள் உடலை விட்டுப் போயிருக்கும் என்கிறார் மருத்துவர். இருக்கலாம். நான் அவள் காலைத் துடைக்கும்போது வேறொன்று தோன்றுகிறது. அந்தக் குதிரை நஞ்சைத் தாங்கியது, பாம்பு எங்கள் வீட்டுக்கு வருவதற்கு வெகு முன்னால். நான் ஏதோ ஒரு சாதாரண நாளில் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் பெயர்கூடத் தெரியாமல் ஓர் உயிர் இனியாவுக்காக வலியைத் தாங்கிக்கொண்டிருந்தது. அவள் நோய்ப்படுவதற்கு முன்பே அவள் குணமாவது தொடங்கிவிட்டது.

இன்றும் ஒரு சாதாரண நாள்தான்.