நாக்குக்கு அடியில் நாலு சொட்டு

போன் வந்தபோது உத்திரமேரூரில் ஒருவருக்குச் சர்க்கரைப் புண் கட்டிக்கொண்டிருந்தேன். காலை பத்தரை மணி இருக்கும்.

"சிஸ்டர், அம்மாவுக்கு உதடு நீலமா ஆய்டுச்சு. பேச்சே வரல. சீக்கிரம் வாங்க சிஸ்டர்."

பெருநகர் கிராமத்திலிருந்து செல்வி, என் நோயாளி ஒருவரின் மகள். 108-க்குச் சொல்லச் சொல்லிவிட்டு, கட்டுப்போட்டு முடித்து ஸ்கூட்டரை எடுத்தேன்.

வீட்டுக்கே போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்சாகப் பதினோரு வருஷம் வேலை செய்து போன வருஷம் ஓய்வு பெற்றேன். புதிதாக வேலைக்கு வரும் பெண்கள், "உங்க கேஸ் ஏதாவது சொல்லுங்க மேடம்" என்று கேட்பார்கள். நன்றாக முடிந்த கேஸ்களைத்தான் சொல்வேன். இதை இதுவரை சொன்னதில்லை.

1. மில் புகை

செல்வியின் அம்மா தனலட்சுமிக்கு ஐம்பத்தேழு வயது. அரிசி மில்லில் நெல் அவிக்கும் அடுப்புக்கு உமி தள்ளும் வேலை. இருபத்தைந்து வருஷம் அந்தப் புகையிலேயே நின்றவர். சிஓபிடி என்று சீட்டில் எழுதியிருந்தது. மூச்சுக்குழாய்கள் சுருங்கி, நுரையீரல் நைந்துபோகும் நோய். போன நுரையீரல் திரும்பி வராது.

"பீடி வாசனையே எனக்கு ஆவாது. எனக்குப் போயி ஏன் சிஸ்டர் இந்த நோவு?" என்று முதல் நாளே கேட்டார்.

ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குழலை வைத்து இன்ஹேலர் இழுக்கவும், உதட்டைக் குவித்து மெல்ல மூச்சு விடவும் சொல்லிக்கொடுத்தேன். இன்ஹேலரை அவர் பம்ப் என்பார். தினமும் இரண்டு வேளை. நோய் போகாது, ஆனால் அதிகமாகாமல் பிடித்து வைக்கும். தெருக்குழாய்வரை போய் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவர நடுவில் மூன்று இடத்தில் நின்றாக வேண்டும். புருஷன் இல்லை. செல்வி ஒருத்திதான். அவள் ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போய்வந்தாள்.

2. என்னைக் கேட்டார்

ஒரு நாள் பி.பி. பார்த்துக்கொண்டிருந்தேன். தனலட்சுமி குரலைத் தாழ்த்தினார்.

"சிஸ்டர், கஞ்சா செடியிலேர்ந்து ஒரு எண்ணெ எடுக்கறாங்களாமே. சிபிடி எண்ணெயாம். செல்வி போன்ல பார்த்துக்கினு வந்து சொல்லுது. மூச்சு வாங்கறதுக்குக் கேக்குமா?"

அன்றைக்கு இன்னும் நாலு வீடு பாக்கி. நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னேன்.

"அதெல்லாம் ஏமாத்து வேலம்மா. கஞ்சான்னா போலீஸ் கேஸாயிடும். அந்தப் பேச்சே எடுக்காத."

"சரி சிஸ்டர்," என்று சிரித்தார்.

உண்மையில் சிபிடி என்றால் என்னவென்று அன்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த இரண்டு மாதமும் முகத்தெளிவோடு இருந்தார். "நல்லா கீறேன் சிஸ்டர். ராத்திரில தூக்கம் வருது." பல்ஸ் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினால் ஆக்சிஜன் அளவு பழைய எண்பத்தெட்டுதான். "பம்ப் இருக்காம்மா?" என்று கேட்டேன். "கீது சிஸ்டர்" என்றார். எடுத்துக் குலுக்கிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. 'நிலை சீராக உள்ளது' என்று எழுதிவிட்டு வந்தேன்.

3. அரிசி டின்னுக்குப் பின்னால்

போன் வந்த அன்று நான் போனபோது, கட்டில் விளிம்பில் முட்டியில் கையை ஊன்றிக் குனிந்து உட்கார்ந்திருந்தார். சாச்சுரேஷன் எழுபத்தொன்று. நெபுலைசர் வைத்தேன். ஆம்புலன்ஸ் வந்ததும் ஆக்சிஜன் போட்டார்கள்.

"சாப்பிடற மருந்து எல்லாத்தையும் எடும்மா, டாக்டர் கேப்பாரு" என்றேன். செல்வி அரிசி டின்னுக்குப் பின்னால் கைவிட்டாள். சொட்டுக்குழாய் வைத்த சின்ன பாட்டில் ஒன்று. கூடவே பிரிக்காத இன்ஹேலர் இரண்டு.

"இன்னா செல்வி இது?"

"நாக்குக்கு அடியில நாலு சொட்டு வுடணும் சிஸ்டர். அம்மாவுக்கு நல்லாக் கேட்டுச்சு. உங்ககிட்ட சொல்லாத, திட்டுவாங்கன்னு அம்மாதான் சொல்லிச்சு. பம்ப்ப நிறுத்தினது எனக்கே தெரியாது சிஸ்டர், இது மிச்சம் இருக்கறதுன்னு நெனச்சேன்."

பெரியாஸ்பத்திரியில் டாக்டரிடம் பாட்டிலைக் கொடுத்தேன். அவர் கோபப்படவில்லை. "இது மூச்சுத்திணறலைக் குறைக்கும்னு நம்புற மாதிரி ஆதாரம் இதுவரைக்கும் இல்ல. சிலருக்குப் பதற்றம் அடங்கலாம், தூக்கம் வரலாம். மூச்சுக்குழாய் விரியாது. மத்த மாத்திரையோட சேர்ந்து கெடுதலும் பண்ணலாம். இன்ஹேலரை நிறுத்தின நேரத்துல சளித்தொற்று வேற வந்திருக்கு" என்றார்.

4. ஏழு வாரம்

ஆக்சிஜன் மெஷினோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். வாரத்துக்கு இரண்டு தடவை போனேன். ஒரு மத்தியானம், டேபிள் ஃபேனை அவர் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து கேட்டேன்.

"பம்ப்ப ஏம்மா நிறுத்தின?"

இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை நின்று நின்றுதான் பேசினார்.

"மூச்சு நின்னுடப் போவுதுன்னு ஒரு பயம் வரும் சிஸ்டர். பாத்திரம் கழுவசொல்லோ வரும், படுக்கசொல்லோ வரும். அந்த எண்ணெய வுட்டா பயம் பூடுது. பயம் பூட்டதும் நோவே பூட்டுதுன்னு நெனச்சிக்கினேன்."

இரண்டு வருஷமாக அந்த வீட்டுக்குப் போகிறேன். பி.பி., சாச்சுரேஷன், எடை எல்லாம் எழுதியிருக்கிறேன். பயமாக இருக்கிறதா என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் டாக்டரிடம் சொல்லி அதற்கென்று ஏதாவது செய்திருக்கலாம்.

ஏழாவது வாரம், செல்வி கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது உட்கார்ந்தபடியே போய்விட்டார்.

காரியம் முடிந்து மெஷினைத் திரும்ப எடுக்கப் போனேன். செல்வி வாசலில் நின்றுகொண்டே கேட்டாள்.

"நான் வாங்கித் தந்த எண்ணெதான் அம்மாவக் கொன்னுச்சா சிஸ்டர்?"

"இல்லம்மா. அம்மாவோட நுரையீரல் முன்னாடியே பாதிக்கு மேல போயிருந்துச்சு. பம்ப் நின்னது அதைச் சீக்கிரமாக்கிடுச்சு." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. "அம்மா எங்கிட்ட முதல்லயே கேட்டாங்க. நான்தான் சரியா பதில் சொல்லல."

அவள் என்னைத் திட்டவில்லை. "அம்மா உங்களப் பத்தி ஒண்ணும் தப்பா சொல்லல சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு, மெஷினின் ஒயரைச் சுற்றி என் கையில் கொடுத்தாள்.

புதிதாக வரும் பெண்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். எண்ணெயோ, லேகியமோ, போனில் பார்த்த எதுவோ, நோயாளி கேட்டால் நோட்டை மூடிவிட்டு உட்காருங்கள். எதற்காகக் கேட்கிறார் என்று கேளுங்கள். தெரியவில்லை என்றால், "எனக்குத் தெரியலம்மா, டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்றேன், அதுவரைக்கும் பம்ப்ப நிறுத்தாத" என்று சொல்லுங்கள். அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிஷத்தை நான் தனலட்சுமிக்குக் கொடுக்கவில்லை.